உடம்பில் உலோகம் உண்டா?

பெரிய வைத்தியசாலை ஒன்றின் கதிரியக்கப் பிரிவுக்கு முன்னாலுள்ள வாங்கில் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தவர்கள் அங்கு நிலவும் மௌனத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். வெளிநோயாளர் பிரிவிலே இரைச்சல் உண்டு. வரிசைக்காகச் சண்டை உண்டு. ஒருவர் நோயை மற்றவர் விசாரிக்கும் வழக்கமும் உண்டு. இங்கோ ஒவ்வொருவரும் மடியில் ஒரு பெரிய உறையை வைத்துக்கொண்டு மூடிய கதவையே நோக்கியவண்ணம் இருப்பர். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கும் என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வைத்தியர் ‘ஸ்கான்’ எழுதினார், திகதி கிடைத்தது, வந்திருக்கிறார்கள், அவ்வளவே.

என் தாயாரை அழைத்துக்கொண்டு அத்தகைய வாங்கொன்றில் நானும் இருந்தேன். கலைப்பீடத்திற் பயிலும் ஒருத்தி மருத்துவப் படமாக்கல்பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றதெனச் சிலர் கருதக்கூடும். கருவியின் இயல்பை விளக்கும் தகுதி விஞ்ஞான, மருத்துவ பீடங்களைச் சார்ந்த நண்பர்களுக்கே உரியது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் கருவிக்குள் அனுப்பப்படுபவரின் அருகே நிற்பவருக்கும் சில செய்திகள் புலப்படவே செய்கின்றன. அவற்றுள் முதன்மையானது, படம் எடுக்கப்படுவதற்கு முன்னர் அங்கே சில வினாக்கள் எழுப்பப்படுகின்றன என்பதும், அவற்றுக்கு நாம் அளிக்கும் விடைகளிற் பல காரியங்கள் தங்கியுள்ளன என்பதும் ஆகும். அவ்வினாக்களுள் ஒன்றைப்பற்றியதே இக்கட்டுரை.

நோயை அறிவதற்கு நமது முன்னோர் நாடி பார்த்தனர், கண்ணையும் நாவையும் பார்த்தனர், நோயாளியை வினாவினர். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என ஆராய்ந்த பின்னரே வைத்தியத்திற் புகவேண்டும் என வற்புறுத்துகின்றது. ஆனால் உயிருள்ள உடலைத் திறவாமலே அதன் எலும்பைக் காண்பது 1895 ஆம் ஆண்டுவரை எந்த நாட்டு வைத்தியருக்கும் கைகூடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 8 ஆந் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் என்னும் பௌதிகவியற் பேராசிரியர், கறுத்தக் கடதாசியால் மூடப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றுக்கு மின்னைச் செலுத்தியபோது சற்றுத் தொலைவிலிருந்த திரை ஒளிர்வதைக் கண்டார். இன்னதென அறியப்படாத அக்கதிருக்கு எக்ஸ்-கதிர் எனப் பெயரிட்டார். டிசம்பர் 22 ஆந் திகதி தம் மனைவியின் கையை அக்கதிராற் படமெடுத்தார். 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபெல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. அவர் எடுத்த படத்தை இன்று பாடநூல்களிற் காணலாம். அதில் தசை மங்கலாகவும் எலும்பு தெளிவாகவும் தெரிகின்றன. அவை யாவற்றினும் அழுத்தமாகத் தெரிவது அவ்வம்மையாரின் விரலிற் கிடந்த மோதிரம். உடம்போடு உலோகம் இருக்குமாயின் கதிர் அதனை மறைத்து வைக்காது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்கான் என்னும் ஒரே சொல்லால் நம் மக்கள் குறிப்பிடுவன உண்மையில் மூன்று வேறு சோதனைகள். முதலாவது கழியொலிச் சோதனை. நம் செவிக்கு எட்டாத உயர்ந்த மீடிறனுடைய ஒலியை உடலுக்குட் செலுத்தி, உறுப்புகளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து படம் அமைக்கப்படுகின்றது. குளிர்ந்த களி ஒன்றை வயிற்றிற் பூசுவார்கள். அக்களி கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் புகாது தடுக்கின்றது. காற்று இடைப்பட்டால் ஒலி உள்ளே செல்லாது. அடிவயிற்றைப் பார்ப்பதாயின் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வருமாறு சொல்வார்கள். அதுவும் காரணமின்றியன்று, நிரம்பிய சலப்பையின் ஊடாக அதன் பின்னாலுள்ளவை நன்கு தெரியும்.

இரண்டாவது சி.ரி. எனப்படும் கணினிக் குறுக்குவெட்டுப் படம். எக்ஸ்-கதிர்க் குழாய் நம்மைச் சுற்றிச் சுழல, பல கோணங்களிற் பெறப்பட்ட அளவீடுகளைக் கணினி ஒன்றுசேர்த்து, பாணைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியது போல உடலின் குறுக்குவெட்டுக்களை அமைத்துத் தருகின்றது. 1971 ஒக்டோபர் 1 ஆந் திகதி இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு பார்க்கப்பட்டது. இதனை ஆக்கிய கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டும், இதற்குரிய கணிதத்தை முன்னரே வகுத்திருந்த அலன் கோமக்கும் 1979 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மூன்றாவது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படமாக்கல். என் தாயாருக்கு எழுதப்பட்டது இதுவே.

அம்மாவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. வயலிலும் வீட்டிலும் ஓயாது உழைத்தவர். ஓராண்டுக்கு மேலாகக் கழுத்தில் நோவும் இடது கையில் விறைப்பும் இருந்தன. தேங்காய் துருவுகையிற் கை சோர்ந்துவிடும். பிடித்த செம்பு தானாக நழுவும். எண்ணெய் பூசினார், பத்துப் போட்டார், பின்னர் எவருக்கும் சொல்லாமல் வலது கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிக்கொண்டார். நான் விடுமுறையில் வீடு சென்றபோது அவர் கிணற்றில் ஒற்றைக் கையால் வாளியை இழுப்பதைக் கண்ட பின்னரே வைத்தியரிடம் போனோம். கழுத்தெலும்புகளுக்கிடையில் நரம்பு நெரிபடுகின்றதோ என ஐயுற்ற வைத்திய நிபுணர் காந்தப் படம் எடுக்கப் பணித்தார். பல வாரங்களின் பின்னர் திகதி கிடைத்தது. முதல்நாள் இரவே பஸ்ஸேறி விடியற்காலையில் வைத்தியசாலையை அடைந்தோம்.

வாங்கில் இருந்தவாறே நிரப்புமாறு ஒரு படிவம் தரப்பட்டது. அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழிற் கேட்டேன். இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா? இல்லை. சத்திர சிகிச்சை ஏதேனும் நடந்ததா? இல்லை. காதினுள் கருவி உண்டா? இல்லை. சிறுநீரக நோய் உண்டா? இல்லை. உலோகம் அரியும் வேலை, ஒட்டும் வேலை எதிலேனும் ஈடுபட்டு கண்ணில் துகள் விழுந்ததுண்டா? இந்த வினாவுக்கு அம்மா இலேசாகச் சிரித்தார். அடுத்தது, வெடிப்பினாலோ துப்பாக்கிச் சூட்டினாலோ உடலில் உலோகத் துண்டு தங்கியிருக்கின்றதா என்பது. நான் வினாவை முடிக்கும் முன்னரே “இல்லை” என்றார். முந்திய வினாக்களுக்கு அவர் சற்று யோசித்தே விடை சொன்னார் என்பதும், இதற்கு யோசிக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது தட்டுப்படவில்லை. இல்லை என்பதற்கு எதிரே அடையாளமிட்டு, அம்மாவின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டேன்.

பின்னர் உடை மாற்றும் அறைக்குச் சென்றோம். தோடு, காப்பு, மூக்குத்தி, கொண்டை ஊசி, சேலையிற் குத்தியிருந்த ஊசிகள் யாவும் கழற்றப்பட்டன. தாலிக்கொடியையும் கழற்றவேண்டும் என்றபோது அம்மா சற்றுத் தயங்கினார். அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். வைத்தியசாலையார் தந்த அங்கியை அணிவித்து அதன் பின்முடிச்சை நான் இட்டேன். அவரது இடது தோளின் பின்புறத்திலுள்ள தழும்பு அப்போது என் கண்ணிற் பட்டது. அத்தழும்பை நான் சிறு வயது முதல் அறிவேன். முள்ளுக்கம்பி கிழித்தது எனச் சொல்லியிருந்தார். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

படம் எடுக்கும் உத்தியோகத்தர் நடுத்தர வயதினரான ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் பேசினார், கொழும்பிற் கேட்கும் தமிழ். படிவத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். மீண்டும் மேலே சென்று விலாசத்தைப் பார்த்தார். அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, தாமும் எதிரே அமர்ந்துகொண்டு, படிவத்தை மூடி வைத்துவிட்டு வேறொரு வினாவைக் கேட்டார்.

“அம்மா, 2009ல நீங்க எங்க இருந்தீங்க?”

அம்மா விடை சொல்ல நெடுநேரம் எடுத்தார். “மாத்தளன்” என்றார்.

“அங்க இருந்த நிறையப் பேர் இங்க வந்திருக்காங்க. நான் வேற ஒண்ணுக்கும் கேக்கல்ல. உள்ள இருக்கிறது பெரிய காந்தம். உடம்புல இரும்பு இருந்தா அத இழுக்கும். உங்களுக்குத்தான் ஆபத்து.”

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வலது கையைத் தூக்கி இடது தோளின் பின்னால் வைத்தார்.

“இதுக்குள்ள கிடக்கு” என்றார். “எத்தினையெண்டு தெரியாது.”

அந்தக் கணத்தில் நான் கொண்ட உணர்வை இங்கே விவரிக்கப் போவதில்லை. தாலிக்கொடி முடிந்த கைக்குட்டை என் கையில் ஈரமாகிவிட்டது என்பது மட்டும் நினைவிலிருக்கின்றது.

அம்மா உள்ளே போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர் நான் தேடிப் படித்தேன். நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஐதரசன் அணு ஒவ்வொன்றின் கருவும் ஒரு மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்ளும். வலிமை மிக்க காந்தப்புலத்தில் உடலை வைத்தால் அவற்றுள் ஒரு சிறு பகுதி புலத்தின் திசைக்கு இசைந்து நிற்கும். அப்போது வானொலி அலையைச் செலுத்தினால் அவை நிலை பிறழ்ந்து, அலை நின்றதும் பழைய நிலைக்கு மீளும். மீளும்போது அவை தரும் நுண்ணிய சைகைகளைக் கொண்டே கணினி படத்தை அமைக்கின்றது. நரம்பு, தசை, மூளை போன்ற மென்மையான பகுதிகள் இதில் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. எக்ஸ்-கதிர் இதிற் பயன்படுவதில்லை. இம்முறையை உருவாக்கியமைக்காகப் போல் லோற்றர்பரும் பீற்றர் மான்ஸ்பீல்டும் 2003 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

வைத்தியசாலைகளிற் பரவலாகவுள்ள கருவியின் காந்தப்புலம் 1.5 தெசலா. இது நம் நாட்டில் உணரப்படும் புவியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேலானது. இக்காந்தத்தின் கம்பிச் சுருள் ஏறத்தாழ –269 பாகை செல்சியஸ் குளிர்ந்த திரவ ஈலியத்தினால் குளிரூட்டப்பட்டு, தடையின்றி மின் ஓடும் நிலையில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே படம் எடுக்காத வேளையிலும், விளக்கணைத்த நள்ளிரவிலும் அது காந்தமாகவே இருக்கும். இவ்வுண்மையை மறந்தமையால் நேர்ந்த விபத்துகள் உண்டு. 2001 இல் நியூயோர்க் மாநிலத்தில், கருவிக்குள் ஒரு சிறுவன் இருக்கையில் அறைக்குட் கொண்டுவரப்பட்ட ஒட்சிசன் உருளையைக் காந்தம் இழுத்தெடுக்க, அச்சிறுவன் தலையில் அடிபட்டு இறந்தான். உடலுக்கு வெளியேயுள்ள இரும்பின் நிலை இதுவாயின் உடலுக்குள்ளே கிடக்கும் இரும்பின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஈயம் இழுபடாது, உருக்கு இழுபடும். ஷெல்லின் உடைந்த துண்டு பெரும்பாலும் உருக்கு. அது கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டின் அருகிலோ பெரிய குருதிக்குழாயின் பக்கத்திலோ இருந்து, சிறிதளவு அசைந்தாலும் போதும், பார்வையோ நடையோ உயிரோ போய்விடலாம்.

உத்தியோகத்தர் அம்மாவைக் காந்த அறைக்குள் அனுப்பவில்லை. கதிரியக்கவியல் வைத்திய நிபுணரிடம் பேசிவிட்டு, தோளுக்கும் கழுத்துக்கும் தலைக்கும் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுப்பித்தார். அரைமணி நேரத்தில் அவை திரையில் வந்தன. சாம்பல் நிறத் தசையிடையே, வெண்ணிறத் தோளெலும்புக்கு மேலாக, எலும்பினும் வெண்மையான மூன்று புள்ளிகள் தெரிந்தன. பக்கவாட்டில் எடுத்த படத்தில் அவற்றுள் இரண்டு தோளின் தசையிலும் மூன்றாவது முள்ளந்தண்டின் அருகிலும் இருப்பது புலப்பட்டது. மூன்றும் நெல்மணியளவு.

வைத்திய நிபுணர் எங்களை அழைத்துப் பேசினார். பல்லாண்டுகளாகத் தசையிற் கிடக்கும் துண்டைச் சுற்றி உடல் ஓர் உறை போன்ற இழையத்தை வளர்த்துவிடும் என்றும், ஆபத்தான உறுப்புகளுக்கு அப்பால் இருப்பின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிக் காந்தப் படம் எடுப்பதும் உண்டு என்றும் விளக்கினார். ஆனால் மூன்றாவது துண்டு இருக்கும் இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. சி.ரி. மூலம் வேண்டிய விடை கிடைக்கக்கூடியதாக இருக்கையில் அத்தகைய துணிவு தேவையற்றது என்றார். அன்று பிற்பகலே அம்மாவுக்கு சி.ரி. எடுக்கப்பட்டது.

இவ்விடத்தில், இனி இவ்வழியே செல்லவிருப்போருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சி.ரி. கருவி ஒரு பெரிய வளையம்; குகையன்று. மேசையில் மல்லாந்து படுக்க, மேசை வளையத்தினூடு மெல்ல நகரும். நெஞ்சைப் படமெடுப்பதாயின் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு, அசையவேண்டாம், எச்சில் விழுங்கவேண்டாம் என்று சொன்னார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. சிலருக்குக் குருதிக்குழாய்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு அயடீன் சேர்ந்த மருந்தை ஊசிமூலம் ஏற்றுவர். அப்போது உடல் முழுவதும் சூடு பரவும். வாயில் ஒரு கசப்புச் சுவை தோன்றும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்ற மயக்கமும் ஏற்படும். அது கழிவதில்லை, ஒரு நிமிடத்தில் உணர்வு தணிந்துவிடும். முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள் இதனால் வெட்கமும் அச்சமும் கொள்வர். மருந்து ஒவ்வாமையும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் கேட்காமலே அதனைத் தெரிவித்துவிட வேண்டும்.

கதிரால் தீங்கு நேருமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. தலையை ஒருமுறை சி.ரி. எடுப்பதில் உடல் பெறும் கதிரின் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவேட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகத்து மனிதர் ஓராண்டிற் சராசரியாகப் பெறுவது ஏறத்தாழ 2.4. தேவையின்றி எடுத்தல் தகாது. தேவையான போது அஞ்சி மறுத்தலும் தகாது. கருவுற்றிருப்பவர் அல்லது அவ்வாறிருக்கலாம் என ஐயுறுபவர் அதனை முன்னரே சொல்லவேண்டும்.

காந்தப் படத்தைப் பற்றி என் விடுதித் தோழி ஒருத்தி சொல்லக் கேட்டதையே எழுதமுடியும். நீங்காத தலைவலிக்காக அவளுக்கு அது எடுக்கப்பட்டது. தலையைச் சுற்றி ஒரு கூடு போன்ற சட்டத்தைப் பொருத்தி, ஒடுங்கிய குழாய்க்குள் மேசையைச் செலுத்தினார்களாம். கையில் ஒரு சிறிய இறப்பர்க் குமிழ் தரப்பட்டது. அதை அழுத்தினால் வெளியே மணி ஒலிக்கும், வந்து எடுத்துவிடுவார்கள். காதை அடைத்திருந்தும் ஓசை பெரிதாகக் கேட்டது. தகரத்தில் ஆணி அறைவது போல ஒரு நேரம், படகு இயந்திரம் போல மறு நேரம், நடுவே திடீரென அமைதி. பிரதான காந்தப்புலத்தினுள்ளே வேறு சுருள்களில் மின்னை விரைவாக மாற்றிச் செலுத்துவதால் அவை அதிர்ந்து எழுப்பும் ஓசை அது. ஏதோ உடைந்துவிட்டது என அவள் முதலில் நினைத்தாளாம். அரைமணி நேரம் கண்ணை மூடி, தன் ஊரிலிருந்து பாடசாலைவரை உள்ள வீடுகளை வரிசையாக எண்ணியிருக்கிறாள். நோவு சிறிதும் இல்லை என்றாள். ஓசை வரும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்ற இவ்வார்த்தை என்னை என் பிழைக்கு மீட்டுக் கொண்டுவருகின்றது.

அன்று இரவு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா தாமாகவே பேசினார். அக்காலத்தில் எனக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. மாத்தளனில் இயங்கிய வைத்தியசாலையில் காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். உயிருக்குப் போராடியவர்கள் தரையிற் கிடக்கையில் தோளில் கிடந்த துண்டுகளைத் தேடி எடுக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. காயம் ஆறிவிட்டது. அதன் பின்னர் செட்டிகுளத்து முகாம், பின்னர் மீள்குடியேற்றம். அவ்வாண்டுகளில் அவரிடம் பலர் பலமுறை கேட்ட வினாக்களுள் ஒன்று, உடம்பில் காயம் உண்டா என்பது.

“அப்ப ஆர் கேட்டாலும் காயமில்லை எண்டுதான் சொல்லவேணும், பிள்ளை. காயமெண்டா எங்கை பட்டது, ஏன் பட்டது, நீ ஆரெண்டு கேப்பினம். சொல்லிச் சொல்லி அதுவே வாயில வந்திட்டுது. இண்டைக்கும் அதைத்தான் கேக்கினமெண்டு நினைச்சன்.”

எனக்கு ஏன் முள்ளுக்கம்பி என்று சொன்னீர்கள் எனக் கேட்டேன். “நீ பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்லிப்போடுவாய் எண்டு பயம்” என்றார். சற்று நேரம் கழித்து, “பிறகு சொல்லுறதுக்கு ஒரு நாளும் வரேல்லை” என்றார்.

இல்லை என்ற அந்த விடையைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு காலத்தில் அவரையும் என்னையும் காத்த விடை அது. அதே விடை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவரது உயிருக்கே தீங்காக வந்து நின்றது. வினாவின் சொற்கள் மாறவில்லை. வினாவுபவரின் நோக்கம் மாறியிருந்தது. அந்நோக்கத்தை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆங்கிலப் படிவத்தை வாசித்து நல்ல தமிழில் மொழிபெயர்த்தேன், மொழிபெயர்ப்பிற் குற்றமில்லை. ஏன் கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெரியாததை வினவாமல், படிவத்தை விரைவாக முடித்துக் கொடுப்பதே என் கடமை என எண்ணியிருந்தேன். அந்த உத்தியோகத்தர் என்னைவிடக் குறைந்த தமிழறிவு உடையவர். ஆனால் அம்மாவுக்கு விளங்க வேண்டியது எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய துண்டுகளைச் சுமந்துகொண்டு வாழ்பவர் பலர். போரிலே காயமுற்ற படைவீரர் தெற்கின் கிராமங்களிலும் இருப்பர். அவர்கள் முதுமை எய்த எய்த முழங்காலுக்கும் முதுகுக்கும் தலைக்கும் காந்தப் படம் எழுதப்படப் போகின்றது. படிவத்திலுள்ள வினாவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுத்தல் முதற்படி. அதனருகே, காந்தம் இரும்பை இழுக்கும், உங்கள் பாதுகாப்புக்காகவே கேட்கின்றோம், வேறெவருக்கும் இதனைத் தெரிவிக்கமாட்டோம் என மூன்று வரிகளைச் சேர்த்தல் அடுத்த படி. இதற்குப் பெருஞ் செலவு ஏற்படாது. விடுமுறையில் ஊர் செல்லும் பல்கலைக்கழக மாணவர்கள் தத்தம் வீடுகளில் இதனைச் சொல்வதற்கோ ஒரு சதமும் வேண்டியதில்லை. நம் பட்டங்கள் நம் தாய் தந்தையர்க்கு உடனடியாகப் பயன்படும் இடங்கள் சிலவே. வைத்தியசாலை வாங்கு அவற்றுள் ஒன்று.

சி.ரி. அறிக்கை இரண்டு வாரங்களின் பின்னர் கிடைத்தது. கழுத்தெலும்புகள் தேய்ந்து, ஓரத்தில் எலும்பு முளைத்து, கைக்குச் செல்லும் நரம்பை நெருக்குகின்றது என அதில் எழுதப்பட்டிருந்தது. நோவுக்குக் காரணம் வயதும் உழைப்புமேயன்றித் துண்டுகளன்று. கழுத்துப் பட்டியும் உடற்பயிற்சியும் மாத்திரைகளும் தரப்பட்டன. கை முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் செம்பு இப்போது நழுவுவதில்லை.

அறிக்கை வாங்கிய அன்று அம்மா எக்ஸ்-கதிர்ப் படத்தை யன்னலுக்கு எதிரே பிடித்துத் தருமாறு கேட்டார். அந்த மூன்று புள்ளிகளையும் நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு சின்னனே!” என்றார்.

வைத்தியர் அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், உடலில் உலோகத் துண்டுகள் மூன்று உள்ளன, கதிரியக்கவியல் நிபுணரைக் கேளாது காந்தப் படம் எடுக்கலாகாது எனச் சிவப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். இப்போது எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும், கேட்கும் முன்னரே, அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைக்கிறார்.